மூன்றாம் வரிசையில் இல்லாத முகம்

கேரளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெரியவரின் பேரன் பேத்திகள் எண்ணிக்கை கைவிரல், கால்விரல்களைத் தாண்டிவிட்டால் போதும். யாராவது ஒருவன் கிளம்பி 'குடும்ப சங்கமம்' என்று ஆரம்பித்துவிடுவான். ஒரு மண்டபம், ஒரு மைக், நெய்ச்சோறு, மூத்தவர்களுக்குப் பொன்னாடை, பிள்ளைகளுக்கு நாற்காலிப் போட்டி. வருஷம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அன்றைக்கு மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்கலங்குவார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதற்காக மட்டாஞ்சேரி ராவுத்தர்கள் இதில் பின்தங்கிவிட முடியுமா? மீராசா ராவுத்தர் குடும்பத்துக்கும் சங்கமம் வந்து சேர்ந்தது.

மீராசா ராவுத்தர் உத்தமபாளையத்திலிருந்து மிளகாயும் மல்லியும் கொண்டுவந்து விற்று, மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டவர். அவர் வழியில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது அவர்களுக்கே தெரியாது. வாட்ஸ்ஆப் குழு தொடங்கிய பிறகுதான் பாதிப் பேர் உயிரோடு இருப்பதே மீதிப் பேருக்குத் தெரிய வந்தது. அந்தக் குழுவில் ஃபயாஸ் ஒரு நாள் பேசி அனுப்பியிருந்தான். தோப்பும்படியில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறவன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்து மட்டும் மலையாளம்தான் வரும். அதனால் எதையும் பேசியே அனுப்புவான்.

"மரிச்சுப்போன நம்ம ஆளுங்களோட பழைய போட்டோ யார் கையில இருந்தாலும் கொண்டு வாங்க. மண்டபத்துச் சுவர் நெறைய வைக்கப் போறோம். ஒருத்தர்கூட விட்டுப் போகக் கூடாது, கேட்டீங்களா?"

ஒருத்தர்கூட விட்டுப் போகக் கூடாது. ரம்லத் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு பீரோவின் மேலிருந்த பெரிய சட்டத்தை இறக்கி, துடைத்து, பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ரம்லத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்கு குடோனில் நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் மருமகள் தும்முவாள். அதை வைத்தே பாட்டி வந்துவிட்டாள் என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள், யாரிடமும் கை நீட்டியதில்லை, யாரையும் வைததில்லை. இவ்வளவு நல்ல மனுஷிக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு ஆளிடம்தான் பகை இருந்தது. அந்த ஆள் அவளுடைய சின்னம்மா சைனபா. அந்தப் பகைக்குக் காரணம், போர்வையில் சுற்றி அவள் மடியில் இருந்த இந்தப் படம்தான்.

அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள்; அத்தாவின் அண்ணன் பெரியத்தா. அவர் மகளின் கல்யாணத்தன்று எடுத்த படம் அது. பெண்களைப் படம் எடுப்பதா என்று முகம் சுளித்த காலம். ஆனால் பெரியத்தாவுக்குப் போட்டோ என்றால் பைத்தியம். போர்ட் கொச்சியிலிருந்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்து, குடும்பம் முழுவதையும் வாசலில் மூன்று வரிசையாக நிறுத்திவிட்டார். முன்வரிசையில் கைத்தடியைத் துப்பாக்கிபோலப் பிடித்துக்கொண்டு கிழவர்கள். நடுவில் ஆண்கள். மூன்றாம் வரிசையில், பெஞ்சின் மேல் ஏறி, முக்காடு போட்ட பெண்கள். அதில் இடமிருந்து நாலாவது ஆள் ரம்லத்தின் அம்மா மைமூன். கட்டம் போட்ட சேலை தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் நாத்தனார் ஹாஜிராவின் தோள்மேல் போட்டிருக்கும் கை தெரிகிறது, கையில் கண்ணாடி வளையல் தெரிகிறது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அங்கே ஒரு வட்டமான ஓட்டை. அதன் வழியாகச் சட்டத்தின் பின்னட்டை பழுப்பாகத் தெரிகிறது. யாரோ மோதிரத்தை வைத்துக் கோடு போட்டு, கத்திரியால் பதமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். நகக்கீறல்கூட மற்றவர்கள் மேல் படவில்லை.

மைமூன் இறந்தபோது ரம்லத் நடை பழகிக்கொண்டிருந்தாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அந்நியப் பெண்ணைக் கொண்டுவந்தால் பிள்ளையைப் பார்ப்பாளா என்று பேசி, மைமூனின் தங்கை சைனபாவையே பாலக்காட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். ரம்லத் விவரம் தெரிந்து அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தபோது அங்கே ஓட்டைதான் இருந்தது. அம்மா எங்கே என்று கேட்டாள். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

"உன் அத்தா கண்ணுல உன் அம்மா முகம் படக் கூடாதுன்னு சின்னம்மாதான் வெட்டி எறிஞ்சா மோளே. நான் சொன்னேன்னு சொல்லிராத."

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? ஆறு வயதுப் பிள்ளையின் காதில் போட்ட வார்த்தை சிமெண்டில் பதிந்த கால்தடம். காய்ந்த பிறகு யார் வந்து தேய்த்தாலும் போகாது.

அன்றிலிருந்து ரம்லத் சைனபாவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. சைனபா சோறு போட்டால் தட்டைப் பார்ப்பாள். கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு வருவாள். பள்ளிக்கூடம் போகும்போது சைனபாதான் தலை பின்னிவிடுவாள். பின்னால் உட்கார்ந்துதானே பின்ன வேண்டும், அது ரம்லத்துக்கு வசதியாகப் போயிற்று. மீனில் நடுத்துண்டு ரம்லத்துக்குத்தான் வரும். பிறகு தம்பி ஷாஃபி பிறந்தான். அப்போதும் நடுத்துண்டு ரம்லத்துக்குத்தான். வயசுக்கு வந்த நாளில் சைனபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாட்டி அம்மான்னு கூப்பிடு மோளே, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். ரம்லத் கையை உருவிக்கொண்டாள். நெஞ்சழுத்தக்காரி.

அந்த வட்டத்துக்குள் அவள் இஷ்டப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டாள். நல்ல நிறம், நீண்ட மூக்கு, முத்து முத்தான பல். வயசு ஏற ஏற அந்த முகத்துக்கு அழகும் ஏறியது. இல்லாதவர்களுக்கு அழகு கூடிக்கொண்டேதான் போகும், இருப்பவர்களுக்குத்தான் குறையும். இருந்தவளோ அம்மைத் தழும்பும் தெத்துப்பல்லுமாக அடுப்படியில் நின்றாள். சிரிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். யாராவது போட்டோ எடுக்க வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஷாஃபியின் சுன்னத்துக்கும் ரம்லத்தின் நிக்காஹுக்கும் எடுத்த படங்கள் எதிலும் சைனபா கிடையாது. ஓட்டர் கார்டுக்கு என்று ஊர் முழுக்கப் படம் எடுக்க வருமுன்பே அவள் மௌத்தாகிவிட்டாள்.

அன்றைக்கு ரம்லத் கைக்குழந்தையோடு போனாள். குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். கட்டு முடிவதற்கு முன்னால் முகம் பார்க்கிற நேரம் ஒன்று உண்டு. மகன், மகள், உறவு என்று ஒவ்வொருவராக வந்து கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார்கள். "பார்க்கிறவங்க வாங்க" என்று குரல் கொடுத்தார்கள். ரம்லத் பின்கட்டில் துவைகல் பக்கம் போய் நின்றுகொண்டாள். யாரோ வந்து கூப்பிட்டதற்கு, "கொச்சு அழுது" என்றாள். குழந்தையோ அவள் தோளில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய வீட்டை விற்றபோது ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டை விழுந்த படம் யாருக்கு வேண்டும்? அது ரம்லத்தின் பீரோவுக்கு மேலே வந்து சேர்ந்தது.

ஃபயாஸ் படத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு விசில் அடித்தான். இப்படி ஒரு தெளிவான குரூப் போட்டோ குழுவில் யாரிடமும் இல்லையாம். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மண்டபத்து வாசலிலேயே வைக்கலாம் என்றான்.

"அந்த ஓட்டைக்கு என்ன பண்ணுவ?"

"பெரியம்மா, அதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே பார்த்துக்கும். அவங்க சாயல்ல இருக்கிற ஒரு ஆளோட படம் மட்டும் கொடுங்க. வயசக் கொறச்சு, கறுப்பு வெள்ளையாக்கி, முக்காடும் போட்டு உள்ள உக்கார வச்சிரும்."

"பெத்த பொண்ணு நான் இருக்கேனே. என் முகத்த வையி."

அவன் அங்கேயே அவளைப் படம் எடுத்து, எதையெதையோ தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினான். இருவரும் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாம் வரிசையில் நின்றது, முக்காடு போட்ட அத்தா. மீசை ஒன்றுதான் குறைச்சல். ரம்லத் அத்தாவின் மூக்கையும் தாடையையும் அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்தவள்.

"ஒண்ணும் கெடைக்கலன்னா ரோசாப்பூ வச்சிரலாம் பெரியம்மா. போட்டோ வேண்டாம்னு சொல்ற வீட்டுல எல்லாம் அதுதானே வைக்கிறாங்க."

ரம்லத்துக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கம்மா மனுஷிடா. பூவா?" என்றாள். குரல் உடைந்ததும் ஃபயாஸ் பயந்துபோய் அவளுக்குச் சாயா வாங்க ஆள் அனுப்பினான். கூடப்பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டான். ஒரே ஒரு தங்கை, அவளுக்குப் படமே கிடையாது, இருந்தாலும் அவள் எங்கே, என் அம்மா எங்கே என்றாள் ரம்லத். அப்படியானால் கண்ணால் பார்த்தவர்களையாவது கேளுங்கள், என்ன மூக்கு, என்ன நெற்றி என்று சொன்னால் முயற்சி செய்து பார்க்கலாம் என்றான். கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். படத்தில் எந்தத் தோள்மேல் அம்மாவின் கை கிடந்ததோ, அந்தத் தோளுக்குச் சொந்தக்காரி.

அத்தாவின் தங்கை ஹாஜிரா குப்பி திருப்பூணித்துறையில் மகள் வீட்டில் இருந்தாள். ரம்லத் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி, எறணாகுளத்தில் இறங்கி, மெட்ரோ பிடித்துப் போனாள். குப்பிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கால் போய்விட்டது, வாய் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தவள், "வா, நாற்பது நாளைக்கு ஒரு தடவையாவது வருவேன்னு பார்த்தா, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற" என்று வரவேற்றாள்.

ரம்லத் சுற்றி வளைக்கவில்லை. "குப்பி, எங்கம்மா யாரு சாயல்?"

"இதென்ன கேள்வி? சைனபா சாயல்தான்."

"அதில்ல குப்பி. முகம். அழகு."

"அழகா? யாரு, மைமூனா?" குப்பி கையை உதறிவிட்டுச் சிரித்தாள். "எங்கண்ணன் பொண்ணு பார்த்துட்டு வந்து ரெண்டு நாள் சோறு திங்கல. அதே தெத்துப்பல்லு, அதே கூட்டுப் புருவம், அதே அகல நெத்தி. ஆனா சிரிச்சான்னு வையி, வீடு நெறஞ்சிரும். பின்னே சைனபாவுக்கு அம்மை போட்ட தழும்பு உண்டு. அந்தப் படம் எடுத்த கல்யாணத்தப்பதான் பாலக்காட்டுல அம்மை போட்டுக் கெடந்தா, அதான் படத்துல இல்ல. தழும்பத் தொடச்சிட்டுப் பார்த்தா இவதான் அவ. உரிச்சு வச்ச மாதிரி. சைனபா இந்த வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கு உங்கத்தா எழுந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அந்த முகத்தப் பார்க்க அவரால முடியல."

ரம்லத் ஐம்பது வருஷமாக வட்டத்துக்குள் வைத்து அழகு பார்த்த அந்த நிறமும் மூக்கும் முத்துப்பல்லும் ஒரு நொடியில் போய்விட்டன.

"அப்படி ஒரே மாதிரி இருந்தவ, அத்தா பார்த்திருவாருன்னு எதுக்குப் படத்த வெட்டணும்?"

குப்பி தின்பதை நிறுத்தினாள். "அத்தா பார்த்திருவாருன்னா? யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் யாரு? வெட்டினது அவ. மோதிரம் என்னோடது. பக்கத்துல உக்காந்து படத்தப் பிடிச்சுக்கிட்டது நான். வேற எவ பார்த்தா?"

பிறகு குப்பி சொன்னாள். மைமூன் இறந்து மூன்றாவது வருஷம் அந்தப் பக்கம் பத்து நாள் பயான், மார்க்கப் பிரசங்கம், நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், மௌத்தானவர்களின் உருவத்தைச் சுவரில் மாட்டி வைத்தால் அதற்கும் சேர்த்து கபுர்க்குழிக்குள் அவர்களுக்கு வேதனை உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிக் கிதாபில் இருக்கிறதா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் கேட்ட சைனபாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. படம் பெரியத்தாவுடையது, கழற்றச் சொல்ல இவளுக்கு வாய் ஏது? படத்தில் மௌத்தானவள் அப்போது மைமூன் ஒருத்திதான். வீட்டில் ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பெண்களும் சட்டத்தை இறக்கினார்கள்.

"அக்காவ அவ ராத்தான்னுதான் கூப்பிடுவா. 'ராத்தா, மன்னிச்சிரு, ராத்தா, மன்னிச்சிரு'ன்னு சொல்லிட்டே வெட்டுறா. வெட்டின முகத்த எரிக்க மனசு வரல. குப்பையில போட முடியுமா? முந்தானையில முடிஞ்சுக்கிட்டு ஜெட்டிக்குப் போனோம். தண்ணியில விட்டா. அது முங்கல. முகத்த மேல காட்டிக்கிட்டு மிதந்துட்டே நிக்குது. அவ மௌத்துக்கு ஓதுற யாசீன ஓத ஆரம்பிச்சிட்டா. ஓதி முடிக்கிற வரைக்கும் மிதந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே குப்பி. ஒரு வார்த்த."

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். சத்தியம் வாங்கிட்டா. 'எங்க ராத்தா கபுருல கஷ்டப்படுதுன்னு கொச்சுக்குத் தெரிஞ்சா ராத்திரி பயந்து அழும், என்ன வெறுத்தா வெறுத்துட்டுப் போகட்டும்'னா. அப்புறம் அவளும் போயிட்டா. போன சத்தியத்த யாருகிட்டத் திருப்பிக் கொடுக்க?" குப்பி தட்டைத் தள்ளி வைத்தாள். "அவ முகத்த அவளும் எவனையும் போட்டோ எடுக்கவிடல பார்த்தியா? தான் போனப்புறம் யாரும் தனக்காக இப்படி உக்காந்து வெட்டிட்டு அழ வேண்டாம்னுதான்."

திரும்பி வரும்போது ரம்லத் படகில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சைனபாவின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். தலையில் எண்ணெய் தேய்க்கும் விரல்கள் வந்தன. முந்தானை வந்தது. மீன் துண்டைத் தட்டில் வைக்கும் கை வந்தது. குரல் வந்தது. முகம் வரவில்லை. தெத்துப்பல் என்றால் தெத்துப்பல் மட்டும், தழும்பு என்றால் தழும்பு மட்டும் தனித்தனியாக வந்தன. ஒன்றாகச் சேர மாட்டேன் என்றன. பார்த்திருந்தால்தானே வரும்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது என்பார்களே, அது இவள்தான். அம்மாவின் முகம் இருபது வருஷத்துக்கும் மேலாக அதே வீட்டில் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டு, அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க மாட்டாளா என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. படகு ஜெட்டியில் முட்டி நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகும் ரம்லத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். படகுக்காரர் வந்து, "அம்மச்சி, எத்தியாச்சு, எறங்குங்க" என்றார்.

மறுநாள் ஃபயாஸைக் கூப்பிட்டு, ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். பூ வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

சங்கமத்தன்று மண்டபத்து வாசலில் அந்தப் படம் ஆளுயரத்துக்கு நின்றது. நுழைகிறவர்கள் எல்லாம் முதலில் அங்கேதான் நின்றார்கள். "கைத்தடியோட இருக்கிறது எங்க நன்னா", "இந்த மூக்கப் பாரு, நம்ம பெரியவனுக்கு அப்படியே" என்று ஒரே சத்தம். மூன்றாம் வரிசை வட்டத்துக்கு நேரே கீழே 'மைமூன்' என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது. சின்னப் பிள்ளைகள் எக்கி எக்கி அந்த வட்டத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

ஷாஃபி கும்பளங்கியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். அங்கே பலசரக்குக் கடை. நல்லது பொல்லாததுக்கு மட்டும் பார்த்துக்கொள்கிற உறவு. அக்காவிடம் அவனுக்குக் கொஞ்சம் பயம்கூட. ரம்லத் அவன் கையைப் பிடித்து, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஆள் இல்லாத பக்கம் அழைத்துக்கொண்டு போனாள்.

"ஷாஃபி, அம்மா முகம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவன் படம் நின்ற வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "எந்த அம்மா அக்கா? பெரியம்மாவ நான் எங்க பார்த்தேன்?"

"அவங்க இல்ல. நம்ம அம்மா."

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், தலைமுடி பாதி நரைத்தவன், அந்த வார்த்தையை அவள் வாயால் அதுவரை கேட்டதில்லை.

"சொல்லுடா. கடைசியா எப்படி இருந்தாங்க? நான் பார்க்கல." ரம்லத் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷாஃபி சொல்லத் தொடங்கினான். "நெத்தி அகலமா இருக்கும்ல அக்கா, அதுல சந்தனத்தால கலிமா எழுதியிருந்தாங்க. புருவம் ரெண்டும் சேர்ந்திருக்கும். தழும்பு ஒண்ணும் தெரியல, முகம் அப்படித் தெளிஞ்சிருச்சு. சின்னப் பொண்ணு மாதிரி. பல்லு இருக்கில்ல, அதனால வாய் முழுசா மூடல. சிரிச்ச மாதிரியே இருந்துச்சு."

ரம்லத்தின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன அக்கா. எல்லாரும் பார்த்தாச்சு, முகத்த மூடலாமான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன். அக்கா பின்னால கொச்சோட நிக்குது, கொச்சு அழுக நின்னதும் வந்துரும்னு சொன்னேன். எல்லாரும் சும்மா நின்னாங்க. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் தொறந்துதான் வச்சிருந்தோம்."